சாவி கொடுக்கும் கடிகாரமும் இந்த வாரத்துச் சின்ன சந்தோஷங்களும்

#1 மாடிப்படி

போன ஞாயிற்றுக்கிழமை எதிர்த் தெருவில் வீடு காலி செய்கிறவர் ஒருவர் வேண்டாத சாமான்களை நாலைந்து அட்டைப்பெட்டிகளில் போட்டு வாசலில் வைத்திருந்தார். "எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள், தோன்றுவதைக் கொடுங்கள்" என்றார். நான் சும்மா நின்று பார்க்கத்தான் போனேன். மூன்றாவது பெட்டியில் சிக்கு விழுந்த ஒயர்கள், மூடி தொலைந்த டப்பாக்கள், டப்பா தொலைந்த மூடிகள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு அலாரம் கடிகாரம். தலையில் இரண்டு மணி, நடுவில் ஒரு குட்டிச் சுத்தியல், முதுகில் இரண்டு சாவிகள். ஒன்று ஓட்டத்துக்கு, ஒன்று அலாரத்துக்கு.

"அது ஓடாது" என்றார் அவர். பரவாயில்லை என்று சில்லறையைக் கொடுத்து வாங்கி வந்தேன்.

வீட்டில் ஓட்டச் சாவியைத் திருப்பினால் திரும்பவே இல்லை. ஏற்கெனவே முழுக்க முறுக்கிக் கிடந்தது. கையில் பிடித்து மணிக்கட்டை லேசாகச் சுழற்றிப் பார்த்தேன். உள்ளே ஏதோ விழித்துக்கொண்டது போல டிக், டிக், டிக் என்று பதினொரு முறை அடித்து நின்றது. மறுநாள் ஒரு நிமிடம். வெயில் படும் ஜன்னலோரம் வைத்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் நான் தொடாமலே ஓடிக்கொண்டிருந்தது!

ஒரு நாளைக்கு இருபது நிமிடம் பின்தங்குகிறது. முதுகில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குட்டி நெம்புகோல் இருக்கிறது. தினமும் ராத்திரி சாவி கொடுத்துவிட்டு, அதை ஒரு மயிரிழை நகர்த்திவிட்டு, மறுநாள் பார்க்கிறேன். கையில் ஃபோன் இருக்க எனக்கு எதற்குக் கடிகாரம்? தெரியாது. ஆனால் இந்த வாரம் ஆபீசிலிருந்து கொஞ்சம் வேகமாகத்தான் வீட்டுக்கு வருகிறேன்.

உங்களுக்கு இந்த வாரம் கிடைத்த சின்ன சந்தோஷம் என்ன? பதவி உயர்வு, வீடு கட்டியது எல்லாம் வேண்டாம். கைக்குள் அடங்குகிற அளவில் சொல்லுங்கள்.

பி.கு.: முட்களின் மேல் பச்சையும் பழுப்புமாக ஏதோ பூச்சு, அங்கங்கே உரிந்திருக்கிறது. கண்ணாடியைக் கழற்றி பழைய டூத்பிரஷ் வைத்துத் தேய்த்துவிடலாம் என்று இருக்கிறேன்.

#2 இரவுப்பணி

நான் ராத்திரி ஷிப்ட் பார்க்கும் நர்ஸ். என் சந்தோஷம் காலை ஏழு மணிக்கு. ஊரே வேலைக்குக் கிளம்பி எதிரில் வரும்போது நான் மட்டும் தூங்கப் போகிறேன் என்கிற அந்த அற்ப கர்வம்!

இந்த வாரம் இன்னொன்றும் கிடைத்தது. முந்தின நாள் துவைத்த போர்வையை அம்மா வெயிலில் காயப்போட்டு, மடித்துக் கட்டிலில் வைத்திருந்தார். முகத்தை உள்ளே புதைத்ததுதான் தெரியும், எழுந்தபோது மத்தியானம் மூன்று. அந்த வெயில் வாசனைக்கு என்ன பெயர்? எந்த சோப்புக்கம்பெனியும் இன்னும் அதைப் பிடித்துப் பாட்டிலில் அடைக்கவில்லை.

#3 காகிதப்பூச்சி

பழைய புத்தகம். வேறென்ன சொல்லப் போகிறேன்.

ஆனால் இந்த முறை புத்தகத்தைவிட அதை எனக்கு முன் படித்தவர்தான் சுவாரசியம். ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. 31ஆம் பக்கத்தில் "இல்லை!" என்று அழுத்தி எழுதி, அதற்கு இரண்டு கோடு. 48இல் "இவருக்கு யார் சொன்னது?" 60களில் வெறும் கேள்விக்குறிகள். 74ஆம் பக்கத்தில், பென்சில் முனை மழுங்கிய எழுத்தில், "சரி. ஒப்புக்கொள்கிறேன்." அதற்கப்புறம் புத்தகம் முடியும்வரை ஒரு குறிப்பும் இல்லை.

நூலாசிரியர் ஜெயித்தாரா, படித்தவருக்கு அலுத்துவிட்டதா என்று தெரியவில்லை. இப்போது நான் 60இல் இருக்கிறேன். இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

#4 ஆய்வுக்கூடத்து எலி

மாடிப்படி, முதலில் டூத்பிரஷ்ஷைக் கீழே வையுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

முட்களில் பழுப்பாகிப்போன பூச்சு என்கிறீர்கள். அது ரேடியமாக இருக்க வாய்ப்பு உண்டு. 1910களிலிருந்து 1960கள் வரை இருட்டில் ஒளிரும் கடிகாரங்களுக்கு ரேடியத்தையும் துத்தநாக சல்பைடையும் கலந்த பெயிண்டைத்தான் அடித்தார்கள். ரேடியம் விடாமல் கதிரை வீசும், துத்தநாக சல்பைடு அதை வாங்கி ஒளியாக மாற்றும். சில பத்தாண்டுகளில் அந்தத் துத்தநாக சல்பைடு சேதமாகி ஒளி மங்கிவிடும். பார்க்கிறவர் "செத்துப்போன பெயிண்ட்" என்று நினைப்பார். ஆனால் ரேடியம் 226 பாதியாகக் குறையவே சுமார் 1600 வருடம் ஆகும். ஒளிதான் போயிருக்கும், ரேடியம் அப்படியே இருக்கும்.

கண்ணாடிக்குள் மூடியிருக்கும் கடிகாரம் அலமாரியில் இருந்தால் பெரிய ஆபத்து இல்லை. அந்தப் பூச்சு பொடியாகி மூக்குக்குள்ளோ வாய்க்குள்ளோ போவதுதான் ஆபத்து. அமெரிக்காவில் அந்தக் காலத்தில் இந்தக் கடிகார முகங்களுக்குப் பெயிண்ட் அடித்த பெண்கள் தூரிகையைக் கூராக்க உதட்டில் வைத்து வைத்து எடுத்தார்கள். தாடை எலும்பு அழுகி இறந்தவர்கள் உண்டு. நீங்கள் செய்யவிருந்தது டூத்பிரஷ்ஷால் அதைப் பொடியாக்கிக் காற்றில் பறக்கவிடுகிற வேலை.

டார்ச் அடித்து, விளக்கை அணைத்து, ஒளிர்கிறதா என்று பார்க்கும் சோதனையை நம்ப வேண்டாம். அது இரண்டு பக்கமும் ஏமாற்றும். கதிர்வீச்சை அளக்கும் கைகர் கருவி இருந்தால் கண்ணாடிக்கு வெளியிலிருந்தே தெரிந்துவிடும். பக்கத்தில் ஏதாவது கல்லூரியில் இயற்பியல் துறை இருந்தால் கேட்டுப் பாருங்கள். அதுவரை கண்ணாடியைத் திறக்காதீர்கள்.

பயமுறுத்தியதற்கு மன்னிக்கவும். ஈடாக ஒரு நல்ல செய்தி. இரவுப்பணி, உங்கள் வெயில் வாசனைக்குப் பதில் இருக்கிறது. 2020இல் வெளியான ஒரு ஆய்வில் ஈரத் துண்டுகளை வெயிலிலும் நிழலிலும் வீட்டுக்குள்ளும் காயவைத்து, அவற்றிலிருந்து கிளம்பும் ஆவியை அளந்தார்கள். வெயிலில் காய்ந்த துண்டில் ஆல்டிஹைடு, கீட்டோன் வகைச் சேர்மங்கள் நிறைய இருந்தன. பூக்களிலும் வாசனைத் திரவியங்களிலும் இருக்கிற அதே குடும்பம்தான். ஈரத்துணி மேல் வெயில் படும்போது அங்கேயே உண்டாகிறது. காகிதப்பூச்சி மூக்கை நுழைக்கும் பழைய புத்தக வாசனையும் ஏறக்குறைய இதே கதைதான். காகிதத்தில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருள் சிதையும்போது வெனிலின் வருகிறது. வெனிலா வாசனைக்குக் காரணமான அதே பொருள்.

#5 மாடிப்படி

எலி சார், உங்கள் பதிலைப் படித்தபோது டூத்பிரஷ் உண்மையிலேயே கையில் இருந்தது. கண்ணாடி வளையத்தைப் பாதி கழற்றியிருந்தேன். திரும்ப அழுத்தி மூடிவிட்டு, கை கழுவி, மறுபடி கை கழுவி, மனைவியிடம் ஒன்றும் சொல்லாமல் கடிகாரத்தை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டேன். அங்கிருந்தும் டிக் டிக் கேட்கிறது. நேற்று வரை தாலாட்டு மாதிரி இருந்தது, இப்போது வேறு மாதிரி இருக்கிறது.

மகளின் பள்ளிக்கூடத்து இயற்பியல் ஆசிரியரைக் கேட்டுப் பார்க்கிறேன்.

#6 சந்தேகச்சாமி

எல்லோரும் ரசித்துக்கொண்டிருக்கும்போது சிவபூஜையில் கரடி மாதிரி உள்ளே நுழைகிறேன், கோபிக்க வேண்டாம்.

பழைய சாமான், ஓசிப் புத்தகம், வெயில் வாசனை. படிக்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பேச்சு எப்போதும் ஓரளவு வசதி வந்தவர்கள் மத்தியில்தான் நடக்கிறது. வேறு வழியே இல்லாமல் பழையதை வாங்குகிறவர் அதை "கண்டெடுத்த பொக்கிஷம்" என்று சொல்வதில்லை. வாங்கியதை வெளியில் சொல்லாமல் மறைப்பார். இனி யாராவது வந்து "போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து" என்பார்கள். அந்தப் பழமொழியை நான் கேட்ட இடத்திலெல்லாம் சாப்பிட்டு முடித்தவர்தான் பசித்தவருக்குச் சொல்லியிருக்கிறார்.

சந்தோஷத்துக்குப் பணம் வேண்டாம் என்று மட்டும் யாரும் ஆரம்பிக்காதீர்கள்.

#7 கணக்குப்புலி

சந்தேகச்சாமி சொல்வதில் நியாயம் இருக்கிறது, எண்களும் அவர் பக்கம்தான். வருமானம் ஒரு அளவைத் தாண்டினால் அதற்கு மேல் சந்தோஷம் அதிகமாவதில்லை என்று 2010இல் கானமன், டீட்டன் என்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள், ஊரெல்லாம் அதையே சொல்லித் திரிந்தது. 2021இல் கில்லிங்ஸ்வொர்த் என்பவர் இல்லை, ஏறிக்கொண்டேதான் போகிறது என்றார். அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. சண்டை போடாமல் கானமனும் அவரும் சேர்ந்தே மறுபடி கணக்குப் பார்த்து 2023இல் வெளியிட்டார்கள். பெரும்பாலானவர்களுக்கு வருமானத்தோடு சந்தோஷமும் கூடுகிறது. ஏற்கெனவே மனம் நொந்திருக்கும் ஒரு பகுதியினருக்கு மட்டும் ஒரு கட்டத்துக்கு மேல் பணம் உதவுவதில்லை. ஆகவே பணம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் மலிவாக வாங்குவதில் இருக்கும் சந்தோஷத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நான் சூடுபட்டவன். ரிச்சர்ட் தேலர் என்ற பொருளாதார அறிஞர் (2017இல் நோபல் வாங்கியவர்) 1985இலேயே இதை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். ஒரு பொருளால் நமக்குக் கிடைக்கும் பயன் ஒன்று. அதை நல்ல பேரத்தில் வாங்கினோம் என்ற திருப்தி இன்னொன்று. இரண்டாவதற்குப் பொருளே தேவையில்லை, பழைய விலையை அடித்துவிட்டுப் புது விலை எழுதிய அட்டை ஒன்று போதும். வீட்டு வாசற்படி தாண்டும்போதே அந்தத் திருப்தி செத்துவிடும். சாமான் மட்டும் உள்ளே வரும்.

என் வீட்டில் காப்பி அரைக்கும் கை இயந்திரம் மூன்று இருக்கிறது. நான் காப்பி குடிப்பதில்லை.

#8 தையற்பெட்டி

கணக்குப்புலி அண்ணா, மூன்றுதானா? ஒரு காலத்தில் என்னிடம் பதினான்கு ஸ்வெட்டர் இருந்தது. எல்லாம் பழைய துணிக்கடைகளில் பொறுக்கியது, எல்லாம் "இந்த விலைக்கு விடுவதா" ரகம். ஒரு நாள் அலமாரிக் கதவைத் திறந்தேன், மேல்தட்டு முழுக்க சரிந்து தலைமேல் விழுந்தது. அதிலிருந்து ஒன்பதைக் கொடுத்துவிட்டேன். கொடுத்ததில் எது எது என்று இன்றைக்கு யாராவது கேட்டால் ஒன்றுகூட நினைவில்லை. அதுதான் உறுத்தியது.

இப்போதும் பழைய துணிக்கடைக்குப் போகிறேன், போகாமல் இருக்க முடியாது. ஆனால் என் கண்ணே மாறிவிட்டது. முதலில் துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பேன். நைந்த இடமும் பூச்சி அரித்த ஓட்டையும் பளிச்சென்று தெரியும். அப்புறம் உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்ப்பேன். ஓரத்தில் கொஞ்சம் துணி விட்டுத் தைத்திருந்தால் அது பிரித்துப் பெரிதாக்கலாம் என்று யோசித்துத் தைத்தவர் கைவேலை. கடைசியாக அக்குளும் கழுத்துப்பட்டையும். அங்கே கறை இருந்தால் எத்தனை மலிவானாலும் வைத்துவிடுவேன், அது போகாது.

ஜிப் கெட்டுப்போனது என்று ஒதுக்கிய நல்ல துணிகள் நிறையக் கிடைக்கும். இழுத்தால் மூடி, பின்னாலேயே வாய் பிளந்துகொண்டு வருகிறதா? பல்லில் கோளாறு இல்லை. இழுக்கிற தலை தளர்ந்துவிட்டது. குறடால் அதன் இரண்டு ஓரத்தையும் லேசாக, மிக லேசாக, நெருக்கினால் சரியாகிவிடும். ஓங்கி அழுத்தினால் உடைந்துவிடும், அப்புறம் என்னைத் திட்டக்கூடாது. உலோக ஜிப் ஓடாமல் முரண்டு பிடித்தால் பென்சில் முனையைப் பல்லின் மேல் தேயுங்கள். போன வருடம் இப்படித்தான் ஒரு கம்பளிக் கோட்டு. அரை நிமிட வேலை. குளிர்காலம் முழுக்க அதைப் போடும்போதெல்லாம், ஒவ்வொரு முறை அந்த ஜிப் வழுக்கிக்கொண்டு மேலே ஏறும்போதும், எனக்குள் ஒரு சிரிப்பு. அந்தக் கோட்டின் விலை எனக்கு மறந்துவிட்டது.

#9 பழையபேனா

தையற்பெட்டி அம்மா சொன்ன அந்தக் கடைசி வரிக்காகவே வந்தேன். எனக்கும் அதே அனுபவம், பேனாவில்.

பழைய மை பேனாக்கள் பெரும்பாலும் கெட்டுப்போயிருக்காது, மை காய்ந்திருக்கும். நிப் பகுதியை மட்டும் சாதாரணத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவையுங்கள். வெந்நீர் கூடாது. பழைய எபோனைட் (கெட்டி ரப்பர்) பேனாவில் வெந்நீர் பட்டால் கறுப்பு போய்ப் பழுப்பாகிவிடும், ஒன்றை அப்படிக் கெடுத்தேன், இன்றும் மேஜையில் கிடந்து முறைக்கிறது. காலையில் பார்த்தால் டம்ளரில் நீல நூல் மாதிரி மை இறங்கியிருக்கும். எனக்கு முன்னால் அந்தப் பேனா வைத்திருந்தவர் கடைசியாக ஊற்றிய மை அது. கொட்ட மனசே வராது. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுத்தான் கொட்டுவேன்.

உள்ளே ரப்பர் பை இருந்தால் அது காய்ந்து முறுமுறுவென்று உடைந்திருக்கும். அதை மாற்றத்தான் வேண்டும்.

மாடிப்படி, உங்கள் கடிகாரம் பற்றி: அதிகம் முறுக்கியதால் கெட்டுவிட்டது என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. முழுக்க முறுக்கியும் ஓடவில்லையென்றால் உள்ளே எண்ணெய் காய்ந்து பசையாகி இருக்கும். ஜன்னல் வெயிலில் அந்தப் பசை இளகியிருக்கிறது, அவ்வளவுதான். எலி சார் சரி என்று சொன்ன பிறகு ஒரு கடிகாரக்காரரிடம் கொடுத்து உள்ளே சுத்தம் செய்யுங்கள். இப்படியே நாள் கணக்கில் ஓடவிட்டால் அச்சுகள் தேய்ந்துபோகும்.

#10 சந்தேகச்சாமி

சரி, தையற்பெட்டியின் கோட்டுக்கு நான் மடங்குகிறேன். ஆனால் ஒரு கேள்வி பாக்கி. எதுவும் பழகிப்போகும் இல்லையா? கடிகாரம் வந்த நாலாம் நாள் அதிசயம். நாற்பதாம் நாள்? அதுவும் அலமாரியில் ஒரு சாமான். புதுக் கார் வாங்கியவனுக்கும் அதே கதிதான். பெரிய சந்தோஷமும் பழகும், சின்ன சந்தோஷமும் பழகும் என்றால் சின்னதில் என்ன விசேஷம்? மலிவு என்பதைத் தவிர?

#11 ஆய்வுக்கூடத்து எலி

நல்ல கேள்வி. முதலில் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறேன். 1978இல் பிரிக்மனும் கூட்டாளிகளும் லாட்டரியில் பெரும் பணம் விழுந்த 22 பேரிடம் கேட்டார்கள். நண்பரோடு பேசுவது, காலைச் சாப்பாடு, பத்திரிகை படிப்பது, நகைச்சுவை கேட்பது மாதிரியான அன்றாட விஷயங்கள் எவ்வளவு இன்பம் தருகின்றன என்று. பணம் விழாத சாதாரண ஆட்களைவிட அவர்கள் குறைவான மதிப்பெண் கொடுத்தார்கள். 22 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான், அதை வைத்து உலகத்தையே அளக்க முடியாது. ஆனால் என்னை யோசிக்கவைத்த விஷயம் இது: பெரிய சந்தோஷம் பழகிப்போவதோடு நிற்காமல், பக்கத்தில் இருக்கும் சின்னதையும் மங்கவைத்துவிடலாம்.

சின்னதும் பழகும், நீங்கள் சொன்னது சரி. ஆனால் சின்னதை நிறுத்திவைக்க முடியும். காரை ஒரு வாரம் நிறுத்திவைக்க எத்தனை பேரால் முடியும்? 2013இல் குவாட்பாக், டன் என்ற இருவர் ஆட்களைக் கூப்பிட்டு சாக்லேட் கொடுத்தார்கள். அப்புறம் ஒரு குழுவை ஒரு வாரம் சாக்லேட்டே தொடக்கூடாது என்றார்கள், இன்னொரு குழுவுக்குப் பை நிறையக் கொடுத்து வேண்டியமட்டும் தின்னச் சொன்னார்கள். வாரம் கழித்து மறுபடி ஒரு துண்டு. விட்டிருந்தவர்கள்தான் அதிகம் ரசித்தார்கள்.

இன்னொன்று இதைவிட வேடிக்கை. நெல்சன், மேவிஸ் என்ற இருவர் 2008இல் மசாஜை நடுவில் கொஞ்சம் நிறுத்தித் தொடர்ந்தார்கள். நிறுத்தாமல் வாங்கியவர்களைவிட அவர்களுக்கு அது இன்பமாக இருந்தது. வாக்குவம் கிளீனர் சத்தத்தை நடுவில் நிறுத்தித் தொடர்ந்தபோது எரிச்சல் கூடியது. முன்கூட்டியே கேட்டால் எல்லோரும் இதற்கு நேர்மாறாகத்தான் சொல்கிறோம். நல்லதை இடைவெளி இல்லாமல் கேட்போம், கெட்டதற்கு இடைவேளை கேட்போம். அப்படிப் பார்த்தால் வீட்டைத் துடைக்கிற வேலையை ஒரே மூச்சில் முடிப்பதும், பிடித்த பாட்டை நடுவில் நிறுத்திவிட்டு அப்புறம் கேட்பதும்தான் புத்திசாலித்தனம். நான் முயன்று பார்த்தேன். பாட்டு சரி. வீடு துடைப்பது இன்னும் பாதியில் நிற்கிறது.

#12 இரவுப்பணி

எலி சார், இடைவெளி விஷயம் எனக்கு ரொம்ப ஒத்துவருகிறது. ஒரு தோழி சொன்னாள் என்று தினமும் மூன்று நல்ல விஷயம் எழுதும் நோட்டு ஒன்று போட்டேன். முதல் வாரம் ஜோர். இரண்டாம் வாரம் அது வீட்டுப்பாடம் ஆகிவிட்டது. "தேநீர் நன்றாக இருந்தது" என்று நாலு நாள் தொடர்ந்து எழுதியிருக்கிறேன். ஐந்தாம் நாள் தேநீர் குடிக்கும்போதே "இதை எழுதலாமா, எழுதியாயிற்றே" என்று யோசித்துக்கொண்டிருந்தேன், தேநீரே ஆறிப்போனது.

அப்புறம்தான் படித்தேன். 2003இல் எம்மன்ஸும் மெக்கல்லோவும் செய்த பிரபலமான ஆய்விலேயே ஒரு பகுதியில் வாரம் ஒருமுறைதான் எழுதவைத்தார்கள், பத்து வாரம். லுபமிர்ஸ்கி என்பவரின் ஆய்விலும் வாரம் ஒருமுறை எண்ணிப் பார்த்தவர்களுக்குத்தான் பலன் தெரிந்தது, வாரம் மூன்றுமுறை எண்ணியவர்களுக்குத் தெரியவில்லை. நோட்டைத் தூக்கிப் பரணில் போட்டேன். நிம்மதி!

ஒரு சம்பவம் சொல்லிவிடுகிறேன். எங்கள் வார்டில் வயதான ஒரு அம்மா, எழுந்து உட்கார முடியாது. ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு மணி அடித்தார். வலியோ என்று ஓடினேன். "மழை வருகிறதா பார்" என்றார். வெளியில் அப்போதுதான் தூற ஆரம்பித்திருந்தது. ஜன்னலைத் திறக்கச் சொன்னார். குளிரும் அம்மா என்றேன். "சத்தத்துக்கு இல்லை, வாசனைக்கு. கொஞ்சநேரம் போனால் அது போய்விடும், சீக்கிரம் திற" என்றார். திறந்தேன். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. நாலைந்து நிமிடம் இருக்கும். அப்புறம் "போதும், மூடு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பத்து வருடமாக ராத்திரி வேலை பார்க்கிறேன். எத்தனை மழை வந்திருக்கும். நானாக ஜன்னலைத் திறந்ததில்லை.

#13 ஆய்வுக்கூடத்து எலி

அந்த அம்மா சொன்னது அறிவியல்படியும் சரி. மண்ணில் இருக்கும் ஸ்ட்ரெப்டோமைசஸ் என்ற பாக்டீரியா உண்டாக்கும் ஜியோஸ்மின்தான் மண்வாசனையின் முக்கியமான பங்காளி. காற்றில் லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு பிடித்துவிடும். 2015இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆட்கள் வேகக் கேமராவில் பிடித்துக் காட்டினார்கள்: மண்ணில் விழும் துளி அடியில் காற்றுக் குமிழிகளைச் சிறைப்பிடிக்கிறது, அவை சோடா நுரை மாதிரி மேலே வந்து வெடித்து வாசனையைத் தெறிக்கவிடுகின்றன. தூறலிலும் மிதமான மழையிலும்தான் இது அதிகம் நடக்கிறது. கொட்டும் மழையில் அடியில் குமிழி பிடிக்கவே நேரம் இருக்காது. "சீக்கிரம் திற" என்றாரே, அதுதான்.

#14 காகிதப்பூச்சி

குறுக்கே ஒரு நடைமுறைக் குறிப்பு, சிலர் தனியாகக் கேட்டதால். பழைய புத்தகத்தை நேரே அலமாரிக்கு ஏற்றாதீர்கள். பூச்சி இருக்கும் என்ற சந்தேகம் வந்தால் காற்றுப் புகாத பையில் போட்டு நன்றாக மூடி, ஃப்ரீசரில் சில நாள் வையுங்கள். நூலகங்களும் அருங்காட்சியகங்களும் செய்வதுதான் இது. வெளியில் எடுத்தவுடன் பையைப் பிரிக்கக்கூடாது, உள்ளே ஈரம் கட்டும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரியுங்கள்.

பழைய பூஞ்சை வேறு, அதற்குக் குளிர் போதாது. தொட்டால் பொடி பறக்கிற புத்தகம் எவ்வளவு அரியதானாலும் விட்டுவிடுங்கள்.

77ஆம் பக்கத்தில் இருக்கிறேன். ஒப்புக்கொண்டேன்.

#15 சந்தேகச்சாமி

நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் சும்மா கரடியாக நுழைந்தவன் என்று ஆகிவிடும்.

சின்ன வயதில் எங்கள் வீட்டில் எல்லாமே பழையது. அண்ணன் சட்டை, அக்கா புத்தகம், யாரோ கொடுத்த செருப்பு. அதனால்தானோ என்னவோ பழைய சாமான்களைப் பார்த்தால் எனக்கு ஆசை வருவதில்லை, அந்த வாசனையே ஆகாது. குளிக்கிற சோப்பு தேய்ந்து வில்லை மாதிரி ஆனதும் அப்பா அதைப் புது சோப்பின் முதுகில் ஒட்டவைப்பார். ஆறு பேர் வீட்டில் புது சோப்பு என்பது எப்போதும் முதுகில் ஒரு பழைய துண்டோடுதான் எங்களுக்கு வரும். முழுப் புது சோப்பை நான் தனியாகப் பிரித்தது வேலைக்குப் போன பிறகுதான்.

இன்றைக்கும் அதுதான் என் சந்தோஷம். காகித உறையைக் கிழிக்காமல் ஓரத்தில் நகம் விட்டுப் பிரிப்பேன். எழுத்தெல்லாம் கூர்மையாக, மூலைகள் மழுங்காமல் இருக்கும். முதல் தடவை ஈரமாக்கும்போது அந்தப் பெயர் எழுத்துகள் கையில் தட்டுப்படும். இரண்டு நாளில் போய்விடும். பழையதைக் கண்டெடுப்பவர்கள் கண்டெடுங்கள், எனக்கு இது போதும்.

(போதும் என்று நானே எழுதிவிட்டேன். யாரும் பழமொழியோடு வராதீர்கள்.)

#16 தையற்பெட்டி

சந்தேகச்சாமி அண்ணா, என் வீட்டில் இன்றும் அந்த ஒட்டவைக்கும் வேலை நடக்கிறது. செய்வது நான்தான். இனி பிள்ளைகளுக்கு மாதம் ஒன்றாவது முழு சோப்பாகக் கொடுக்கிறேன். சத்தியமாக.

#17 மாடிப்படி

கடிகாரம் பற்றிய அறிக்கை.

ஆசிரியர் பள்ளிக் கைகர் கருவியோடு வீட்டுக்கே வந்துவிட்டார். என்னைவிட அவருக்குத்தான் ஆர்வம். முதலில் வெறும் மேஜைமேல் வைத்து எண்ணினோம்: நிமிடத்துக்கு 18. அப்புறம் கண்ணாடியை ஒட்டிவைத்து: 21. மறுபடி: 17. மறுபடி: 19. "சுற்றிலும் எப்போதும் இருப்பதுதான். இதில் ஒன்றும் இல்லை" என்றார். எனக்கு நிம்மதி, அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகுதான் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "இத்தனை நாள் அதைத் துணி அலமாரி மேலேயா வைத்திருந்தாய்?"

எலி சார், நன்றி. அப்படியும் டூத்பிரஷ் போடவில்லை. கடிகாரக்காரர் உள்ளே சுத்தம் செய்து எண்ணெய் விட்டார், பழையபேனா சொன்ன மாதிரி எண்ணெய் பசையாகத்தான் இருந்ததாம். இப்போது ஒரு நாளைக்கு ஆறு நிமிடம்தான் பின்தங்குகிறது. ராத்திரி சாவி கொடுக்கும் வேலையை மகள் பிடுங்கிக்கொண்டாள். பன்னிரண்டு திருப்பு, ஒவ்வொன்றாக எண்ணுகிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என் முறை. இடைவெளி விட்டால்தான் ரசிக்கும் என்று எலி சார் சொன்னதை அவளிடம் சொல்லிப் பார்த்தேன், "அப்போ நீங்கதான் விடணும்" என்கிறாள்.

அலாரச் சாவியைப் பற்றி யாரும் அவளிடம் சொல்லவில்லை. நேற்று அதற்கும் பன்னிரண்டு திருப்பு கொடுத்திருக்கிறாள். அதிகாலை மூன்று பத்துக்கு அடித்தது பாருங்கள்! இரண்டு மணியும் சேர்ந்து அடித்ததில் மாடிவீட்டு விளக்கு எரிந்தது. நான் இருட்டில் தடவி நிறுத்துவதற்குள் வீடே எழுந்துவிட்டது. அப்புறம் யாருக்கும் தூக்கம் வரவில்லை. நாலு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து தேநீர் குடித்தோம். அம்மா கேட்டார், "இது எந்த நேரத்துக்குடா வைத்தது?" வைத்தவர் யாராயிருந்தாலும், இந்த நேரத்துக்கு எழுந்து எங்கோ போக வேண்டியிருந்திருக்கிறது. அலார முள்ளை நாங்கள் யாரும் நகர்த்தவில்லை. அந்தப் பெட்டிக்குள் போகும்போதே அது மூன்று பத்தில்தான் இருந்தது.

#18 காகிதப்பூச்சி

ஷிப்டாக இருக்கும்.

#19 இரவுப்பணி

இல்லை, எங்கள் ஷிப்டில் அந்த நேரத்துக்கு யாரும் எழுந்திருக்க மாட்டோம். ரயிலாக இருக்கும்.

#20 சந்தேகச்சாமி

ஆறு பேர் வீட்டில் முதலில் குளிக்க நினைத்தவராக இருக்கும்.

#21 மாடிப்படி

முள்ளை அப்படியே விட்டுவைத்திருக்கிறோம். அலாரச் சாவியைத்தான் கழற்றி ஒளித்துவைத்தேன். மகள் தேடிக்கொண்டிருக்கிறாள்.